கால் நீட்ட ஓர் இடம்

கும்ரேவின் கணவர் வீட்டை விட்டுப் போனது தெரிந்ததும், அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பெண்கள் லிஃப்டில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி, "எவ கூட?" என்பதுதான்.

மான்சிக் எவள் கூடவும் போகவில்லை. குன்சான் நகரப் பேருந்தை வாழ்நாளெல்லாம் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். நவம்பர் மாதத்து ஒரு காலையில் ஒரு பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு, "தோட்டத்துல வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கிராமமான ஒக்சானுக்குப் பஸ் ஏறினார். அங்கே அவருடைய அண்ணன் விட்டுப்போன மிளகாய்த் தோட்டமும், அதன் ஓரத்தில் தளவாடம் போட்டுவைத்த ஒரு கன்டெய்னர் அறையும் இருந்தன. முட்டைக்கோஸ் அறுவடை முடிந்தது, ஊரெல்லாம் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு முடித்தது, மனிதர் திரும்பவில்லை. வாரம் ஒருமுறை ஃபோன் செய்வார். "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்" என்பாள். அத்தோடு சரி.

அவர் ஏன் போனார் என்பது கும்ரேவுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் அவருக்குக் கால் நீட்ட இடம் இல்லை.

அது ஒரே நாளில் வந்த வினையும் இல்லை. பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வருஷக்கணக்காகப் பெரிய பெரிய அண்டாக்களோடு மல்லாடிய கை அவளுடையது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகள் ஹேரான் கல்யாணமாகி பூசானுக்குப் போய்விட்டாள். கணவர் பேசுகிற ஆள் இல்லை. டிவியைப் போட்டால் ஒரு பெண் பேசினாள். பொருள் விற்கிற சேனலில் வருகிறவள். பட்டுப்போன்ற குரல். "அம்மாமாரே, காலமெல்லாம் குடும்பத்துக்கு ஒழைச்சீங்க, உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கினா தப்பா?" என்று கேட்டாள். கும்ரேவை அப்படி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் வாங்கியது ஒரு வாணலி.

அப்புறம் கழுத்துப் பிடித்துவிடும் கருவி, முட்டை அவிக்கும் சட்டி, செந்நிற ஜின்செங் வேர்ச் சாறு, கருவாட்டுப் பெட்டி, வாத்து இறகுப் போர்வை, அதற்குத் தோதான தலையணை. மணி அடித்துக் கூரியர்காரர் பெட்டியை நீட்டும்போது மனசு சின்னப் பெண்போலத் துள்ளும். பெட்டியைப் பிரித்துப் பார்த்ததும் அடங்கிவிடும். பிற்பாடு பிரிப்பதுகூட நின்றுபோனது. மணி அடிப்பது மட்டுமே போதுமென்றாகிவிட்டது. ஹேரானின் அறை நிறைந்தது. மான்சிக்கின் அறை நிறைந்தது. அவர் சோபாவில் படுத்தார். மசாஜ் நாற்காலி வந்து, அதை வைக்க வழியில்லாமல் சோபாவைச் சுவரோடு நெருக்கிய பிறகு, முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் அந்தப் பஸ்.

டிசம்பர் கடைசியில் ஹேரான் ஃபோன் செய்தாள்.

"அம்மா, அப்பா பேசும்போது இருமிக்கிட்டே இருக்காரு. போய்ப் பாத்தியா இல்லியா?"

"எங்கிட்ட இருமலயே?"

"உங்கிட்ட 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுட்டு வெச்சுடறாரு, அதுக்குள்ள எப்படி இருமுவாரு?"

கும்ரேவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே கிளம்பினாள். வெறுங்கையோடு போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. குவியலிலிருந்து மின்சார மெத்தை விரிப்பு ஒன்று, ஜின்செங் சாறு ஒரு பெட்டி, இறகுப் போர்வை, காற்றை ஈரமாக்கும் கருவி என்று இழுத்துத் தள்ளுவண்டியில் கட்டி, பஸ்ஸில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒக்சான் போய்ச் சேர்ந்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "என்ன அக்கா, குடித்தனம் மாத்துறீங்களா?" என்றார்.

மான்சிக் கதவைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"நீ உள்ள வா. அது வெளியிலயே இருக்கட்டும்."

"உங்களுக்குத்தான்யா கொண்டு வந்தேன்!"

"வைக்க எடமில்ல."

எடமில்ல என்று அவர் சொன்ன அந்த அறை கிட்டத்தட்ட காலியாக இருந்தது. சுவரில் ஆணியில் ஒரு சட்டையும் ஒரு மேல்கோட்டும். மூலையில் ஒற்றை அடுப்பு, ஒரு சட்டி. கால் மடக்கிய ஒரு சின்னச் சாப்பாட்டுப் பலகை சுவரில் சாய்ந்திருந்தது. அடியில் சூடேற்றிய தரையில் ஒரு போர்வை விரித்துக் கிடந்தது. ஜன்னல் வழியாக மிளகாய்ச் செடி பிடுங்கிய வெற்று வரப்புகள் தெரிந்தன. கும்ரே வாசலிலேயே செருப்போடு நின்றாள். இந்த இடத்துக்கு அவள் வந்ததே இல்லை. ஆனாலும் இங்கே முன்பே இருந்திருப்பதுபோல ஒரு நினைப்பு.

குளிர் விரலைக் கடித்தது. உள்ளே வந்து உட்கார்ந்து, குளிர்காலத்து வழக்கம்போலக் கையைப் போர்வைக்குள் நுழைத்தாள். சூடாக, உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்க்காமலே தெரிந்தது. மூடிபோட்ட சோற்றுக் கிண்ணம்.

"காலையில ஒரு தடவ ஆக்குவேன்" என்றார் மான்சிக், குற்றம் செய்தவர்போல. "சாயங்காலத்துக்கு அங்க வெச்சிருவேன். சூடு ஆறாது."

கும்ரே கையை எடுக்கவில்லை.

குன்சானின் ஹேமாங் மேட்டில் துறைமுகத்தைப் பார்த்த அந்த ஒற்றை அறை நேற்றுபோல முன்னால் வந்து நின்றது. கல்யாணமான புதிது. அவள் ஒட்டுப்பலகை ஆலையில் வேலை. அவர் அப்போது லாரியில் கிளீனர். தரைக்கடியில் நிலக்கரிக் கட்டி எரியும். அடுப்போரமாக இருக்கும் அந்த ஒரு முழம் தரைதான் வீட்டிலேயே சூடான இடம். அவர் வர எவ்வளவு நேரமானாலும் அவர் சோறு அங்கே, போர்வைக்கு அடியில், மூடிபோட்டு இருக்கும். சிலநாள் அவள் அதைக் கட்டிக்கொண்டே தூங்கிவிடுவாள். அவர் வந்து எழுப்பாமல், அவள் கையிலிருந்து கிண்ணத்தை மெல்ல உருவி எடுத்துச் சாப்பிடுவார். ஒரு பலகைதான். அதில்தான் சாப்பாடு, அதில்தான் துணி தேய்ப்பு, ஹேரான் பிறந்து வளர்ந்து எழுத்துப் பழகியதும் அதில்தான். குடை ஒன்று. மழை வந்தால் யார் எடுத்துப்போவது என்று காலையில் ஒரு சண்டை. "நீ எடு", "நீங்க எடுங்க" என்று. கடைசியில் இரண்டு பேரும் நனைந்துகொண்டு போவார்கள், குடை வீட்டில் இருக்கும். பக்கத்து அறைக்காரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த அறையில் விருந்தாளி வராத வாரம் கிடையாது. போர்வை போதாவிட்டால் பக்கத்து அறையில் கேட்டு வாங்கி, கால்மாடு தலைமாடாக எல்லோரும் படுத்துக்கொள்வார்கள்.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார் மான்சிக்.

"புகை கண்ணுல பட்டுருச்சு."

"இங்க ஏது புகை?"

"சும்மா இருங்களேன்!"

மாலையில் பனி கொட்ட ஆரம்பித்தது. மேற்குக் கடல் பக்கத்துப் பனி ஆரம்பித்தால் சட்டென்று விடாது. பஸ் நின்றுபோனது. இருந்த சோற்றை அவர் இரண்டாகப் பிரித்தார். கிண்ணம் ஒன்றுதான், அவளுக்குக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு அவர் மூடியில் போட்டுச் சாப்பிட்டார். முள்ளங்கிக் கிம்ச்சி புளித்து அருமையாக இருந்தது.

மறுநாளும் பஸ் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவளுடைய ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மான்சிக்கின் பழைய மடக்கு ஃபோனின் சார்ஜர் அதற்குப் பொருந்தவில்லை. முதல் நாள் கும்ரேவுக்கு ஒரே நமைச்சல். டிவியில் வரும் அந்தப் பெண் இப்போது என்ன விற்றுக்கொண்டிருப்பாளோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கிளம்பும் முன்பு கும்ரே நண்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தாள், சோயாச் சாற்றில் ஊறவைத்த நண்டு. அது வந்திருக்குமோ? கை பரபரத்தது. வேறு வழியில்லாமல் அந்தக் கைக்கு வேலை கொடுத்தாள். பனியைத் தள்ளிப் பாதை போட்டாள். பேரிக்காயும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்து அவருக்குக் கொடுத்தாள். காய்ந்த மிளகாய்களின் காம்பைக் கிள்ளினாள். அவள் ஆசைப்பட்டுச் சுமந்து வந்த ஈரக்காற்றுக் கருவி வெளியே பனியில் புதைந்து கிடந்தது. அதில்லாமலே அவர் இருமல் குறைந்தது.

மிளகாய் கிள்ளும்போதுதான் சண்டை வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? 'இந்தா, போதும் நிறுத்து'ன்னு? ஊரே சிரிக்குது, எவளையோ வெச்சிருக்கீங்கன்னு."

"இந்த மூஞ்சிக்கு எவ வருவா?"

"பேச்ச மாத்தாதீங்க."

அவர் கொஞ்ச நேரம் காம்பையே கிள்ளிக்கொண்டிருந்தார். "எங்கப்பா கத்துற ஆளு. வீடே நடுங்கும். நான் அப்படி ஆயிரக்கூடாதுன்னு வாயை மூடி மூடி, அதுவே பழக்கமாயிருச்சு. கோவம் வந்தா செருப்ப மாட்டிட்டு வெளிய போயிருவேன். இந்தத் தடவ கொஞ்சம் தூரமா வந்துட்டேன்."

கும்ரேவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. "நீங்க பேசியிருந்தா நான் அந்தப் பொம்பள பேச்ச ஏன் கேக்கப்போறேன்?" என்றாள். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்து, ஐயோ என்று அலறி, அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவர, சண்டை அப்படியே முடிந்துபோனது.

பனி அகற்றி பஸ் பாதை திறந்த அன்று மான்சிக்கின் ஃபோன் அடித்தது. குடியிருப்பின் காவலாளி. அவர் போட்ட சத்தம் பக்கத்தில் இருந்த கும்ரேவுக்கும் கேட்டது.

"ஐயா, அம்மா அங்க இருக்காங்களா? உங்க வீட்டுக் கதவையே காணோம்! பெட்டியா அடுக்கிக் கெடக்கு. அதுல ஏதோ ஒண்ணு நாறுது. மாடியே மூக்கப் பிடிச்சிட்டு நடக்குது. கொஞ்சம் வாங்க ஐயா!"

இருவரும் கிளம்பினார்கள். லிஃப்ட் திறந்ததுமே வாடை அடித்தது. நண்டுதான். ஒரு பக்கம் கசிந்து, நடைபாதையில் சோயாச் சாறு ஓடிக் காய்ந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் கதவைச் சற்றே திறந்து, பார்த்துவிட்டுப் பேசாமல் மூடினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த மூடிய கதவின் முன்னால் கும்ரே மண்டியிட்டுத் தரையைத் துடைத்தாள். மான்சிக் பெட்டிகளை ஓரமாக நகர்த்தினார்.

பிறகு வீட்டுக் கதவைத் திறந்தார்கள். பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகும் அளவுக்கு ஒரு சந்து. இத்தனை நாள் அதில் தினமும் போய்வந்தவள், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள். "உக்காருங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. மான்சிக் கோட்டைக் கழற்றாமல் நின்றார்.

"நான் வேணா தோட்டத்துக்கே…"

"போகாதீங்க. இங்கயே நில்லுங்க" என்றாள். கைக்கு எட்டிய முதல் பெட்டியைத் தூக்கினாள்.

சுலபமாக இருந்ததென்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பெட்டியும் ஏதோ ஒரு காரணம் சொன்னது. இது மாப்பிள்ளைக்கு, இது பொங்கிச் சாப்பிட, இது என்றைக்காவது ஆகும். மான்சிக் எதையும் எடுத்து எறியவில்லை. அவள் தூக்கிக் கொடுத்ததை மட்டும் வாங்கிக் கீழே கொண்டுபோனார். சேதி பரவி, குடியிருப்புப் பெண்கள் கீழே கூடிவிட்டார்கள். "அக்கா, இந்த வாணலிய நான் எடுத்துக்கவா?" "இது பிரிக்கவே இல்லியே அக்கா!" போர்வைகள் முதியோர் கூடத்துக்குப் போயின. கீழ்வீட்டு தாங்ஹோ அம்மாவுக்கு முட்டைச் சட்டி. மசாஜ் நாற்காலி காவலாளியின் அறைக்கு. அவர் அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, இனி யார் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்றார்.

ஹேரானின் அறையில், அடுக்கின் அடியில், ஒரு தட்டையான பெட்டி இருந்தது. கும்ரே பிரித்தாள். குழந்தைக்கான பட்டு ஆடை. பேத்தி சோலுக்காக வாங்கியது, சந்திரப் புத்தாண்டுக்கு வந்தால் உடுத்தி விடலாமென்று. அந்தப் புத்தாண்டுக்கு ஹேரான் வரவில்லை. "படுக்க இடமில்லம்மா, குழந்தையோட எங்க வர்றது?" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னாள். அந்தச் சட்டையின் கை, இப்போது சோலின் முழங்கையைக்கூடத் தாண்டாது. குழந்தை வருவாள் என்று வாங்கிய பொருள்களெல்லாம் சேர்ந்து குழந்தை வரும் வழியை அடைத்துவிட்டிருந்தன. கும்ரே தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மான்சிக் வந்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அறையில் இப்போது இரண்டு பேர் உட்கார இடம் இருந்தது.

"யாராவது சின்னப்புள்ளைக்குக் குடுத்துருவோம்" என்றார்.

"ம்."

பழக்கம் மட்டும் பெட்டியோடு போய்விடவில்லை. சேனலுக்கு ஃபோன் செய்து தன் பெயரை எடுக்கச் சொன்னபோது, "எங்க மதிப்புக்குரிய தங்க வாடிக்கையாளராச்சேம்மா!" என்று எதிர்முனையில் கெஞ்சினார்கள். டிவியை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் போடுவது என்று பேசிக்கொண்டார்கள். இரவு ஏதாவது வரவழைத்துத் தின்னும் வழக்கத்தை விட்டாள். மிஞ்சிய சோற்றில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிட்டால் போதுமாக இருந்தது. ஆனாலும் மழை பெய்த ஒரு மதியம், அவர் முடிவெட்டப் போயிருந்தபோது, கை தானாக ஃபோனைத் தேடியது. கத்திகள், மரப்பெட்டியோடு. மறுநாள் மணி அடித்தது. கதவைத் திறந்தவர் மான்சிக்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். செருப்பை மாட்டினார். கதவுப்பிடியில் கை வைத்தார். அவர் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காது சிவந்திருந்தது.

"ஹேரான் அம்மா. எனக்குக் கோவம் வருது."

அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டதில்லை. கும்ரே குனிந்து பெட்டியைக் கையில் எடுத்தாள். "சரி, கோவிச்சுக்கோங்க" என்றாள். "கோவிச்சு முடிச்சதும் வாங்க, இதைத் திருப்பி அனுப்பிட்டு வருவோம். எனக்குத் தனியா போனா கை வராது."

இரண்டு பேருமாகத் தபால் நிலையத்துக்கு நடந்தார்கள். வரும்வழியில் துறைமுகத்துப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஹேமாங் மேட்டில் வீடுகளையெல்லாம் எப்போதோ இடித்துப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். தங்கள் அறை இந்த மரத்தடியில் இருந்தது என்றார் அவர். இல்லை, அந்தப் படிக்கட்டுக்கு மேலே என்றாள் அவள். வீடு வந்து சேரும்வரை அந்தத் தகராறு ஓயவில்லை. அவர் அன்று பேசியதுபோல என்றைக்கும் பேசியதில்லை.

பிப்ரவரியில் வந்த சந்திரப் புத்தாண்டுக்கு ஹேரான் வந்தாள். கதவைத் திறந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா! வீட்டுச் சாமானெல்லாம் எங்க? கடன் கிடன் ஆயிருச்சா?"

"ஆமா, உங்கப்பா சீட்டாடித் தோத்துட்டாரு" என்றாள் கும்ரே. மான்சிக் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை ஒரு நிமிஷம் நம்பிவிட்டார்.

சோல் வெற்றுக்கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் காலுறையோடு சறுக்கி ஓடினாள். திரும்ப ஓடினாள். "பாட்டி, உங்க வீடு எவ்ளோ பெருசு!" என்றாள். அரிசி அப்பம் போட்ட புத்தாண்டுக் கஞ்சியைக் கூடத்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிளம்பும் நேரம் வந்தபோது ஹேரான் கணவன் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்குப் போலாமே" என்றார் அவர், தரையின் கதகதப்பில் ஏற்கெனவே பாதி சாய்ந்தபடி.

அப்போதுதான் கும்ரேவுக்கு உறைத்தது. போர்வை இல்லை. இருந்ததையெல்லாம் தூக்கிக் கொடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது தனக்கும் அவருக்கும் மட்டும்.

கீழே இறங்கி தாங்ஹோ அம்மாவின் கதவைத் தட்டினாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மலை மாதிரி வெச்சிருந்தியே அக்கா, அத்தனையும் ஊருக்கு வாரிக் குடுத்துட்டு, இப்ப என் வாசல்ல வந்து நிக்கிறியே!"

"குடுப்பியா மாட்டியா?"

"குடுக்காம? ஆனா ஒண்ணு, என்னோடது இறகெல்லாம் இல்ல. பழைய பஞ்சு."

"பஞ்சுதான் கனமா இருக்கும். கொண்டா."

இரண்டு போர்வைகளையும் ஒரு தலையணையையும் முகத்தை மறைக்கும்படி அணைத்துக்கொண்டு, வழி தெரியாமல் ஒவ்வொரு படியாகக் காலால் தடவி கும்ரே மேலே ஏறினாள். தலையணை நழுவியது. "ஹேரான் அப்பா, கொஞ்சம் வந்து பிடிங்க!" என்று சத்தம் போட்டாள். மேலே கதவு திறந்தது. அவர் ஏதோ பேசிக்கொண்டே இறங்கிவரும் சத்தம் கேட்டது.